கொடைக்கானலுக்குக் குடிவரலாமா? உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்

மதுரை வடக்கு | 4 மே 2025, காலை 7:40

இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. பிள்ளை ஐந்தாம் வகுப்பு. முதலில் வாடகைக்கு வந்து இருந்து பார்ப்பது, ஒத்துவந்தால் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டுவது என்பது திட்டம். மலையேற்றம், சைக்கிள், குளிர், நல்ல காற்று, இதற்காகத்தான். பாதிப் பேர் “வாங்க, சொர்க்கம்” என்கிறார்கள், மீதிப் பேர் “ஊர் கெட்டுப்போச்சு, வராதீங்க” என்கிறார்கள். என் எண்ணம் இது: வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) வந்துவிட்டது, வண்டிகளுக்கு வரம்பும் வைத்தாகிவிட்டது, இனி ஊர் கொஞ்சம் மூச்சுவிடும். சரிதானா?

மூஞ்சிக்கல் | 4 மே, காலை 9:15

பாதி சரி.

இ-பாஸ் 2024 மே 7 முதல் நடப்பில் இருக்கிறது, உயர்நீதிமன்ற உத்தரவு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பு. அரசுப் பேருந்தில் வந்தால் பாஸ் வேண்டாம், உள்ளூர் வண்டிக்கும் விலக்கு. இவ்வளவும் சாலைக்கான கணக்கு. சாலையில் நெரிசல் குறைந்தால் எல்லோருக்கும் நல்லதுதான், அதில் வாதமில்லை.

ஆனால் குடியிருப்பவரை அழுத்துவது வண்டியைவிடச் சுற்றுலாப் பயணிக்குப் போடும் படுக்கைதான். 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. சனிக்கிழமை 6,000 வண்டி, வண்டிக்கு நாலு பேர் என்று வையுங்கள், 24,000 பேர். அதில் எத்தனை பேர் இரவு தங்குகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், அந்த வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது? இந்த நாலு கேள்விக்கும் சோதனைச்சாவடியில் பதில் கிடையாது. நீங்கள் குடிவந்தால் உங்கள் தெருவில் தினமும் எதிர்ப்படுவது இந்த நாலும்தான்.

அட்டுவம்பட்டி | 4 மே, காலை 11:02

படுக்கை என்று ஹோம்ஸ்டே நடத்தும் (வீட்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும்) எங்களைத்தான் சொல்கிறார். ஹோம்ஸ்டே வந்த பிறகுதான் இங்கே பிறந்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போகாமல் ஊரிலேயே நிற்கிறார்கள். சமையல், துணி வெளுப்பு, ஜீப், கைடு, காய்கறி, பால், கொத்தனார் என்று ஒரு ஐந்து அறை வீட்டை நம்பி ஏழெட்டுக் குடும்பம். முன்னே ஏப்ரல், மே இரண்டு மாதம் சம்பாதித்து மீதிப் பத்து மாதத்தை ஓட்டினோம். இப்போது ஒவ்வொரு வார இறுதியும் ஏதோ வருகிறது. அதையும் எழுதுங்கள்.

மூஞ்சிக்கல் | 4 மே, இரவு 8:30

எழுதத்தான் வேண்டும், உண்மை. வருமானம் ஆண்டு முழுக்கப் பரவியதால் இளைஞர்கள் ஊரில் நிற்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள்.

நாலு பேர் குடும்பம் குளிரில் சிக்கனமாக இருந்தால் ஒரு நாளைக்கு 400 முதல் 500 லிட்டர். ஐந்து அறை, அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு 150 லிட்டர் என்றால் 2,250 லிட்டர். சுற்றுலா வந்தவர் சுடுநீர் வரும்வரை குழாயைத் திறந்துவிட்டு நிற்பார், படுக்கை விரிப்பு தினமும் வெளுக்க வேண்டும், 150 என்பது குறைவான மதிப்பு. ஆக ஒரு ஹோம்ஸ்டே நிறையும் நாளில் ஐந்து வீட்டுத் தண்ணீர் போகிறது. தெருவில் இருபது வீட்டில் ஆறு வீடு அப்படி மாறினால், குழாயின் விட்டம் பழையபடியே இருக்க, தேவை இரண்டு மடங்குக்கு மேல். மேட்டில் கடைசி வீட்டுக்குக் காற்றுத்தான் வரும்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது முதல் கேள்வி: நகராட்சிக் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? அதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். இரண்டாவது, கீழ்த்தொட்டி எத்தனை லிட்டர்? 5,000-க்குக் குறைவாக இருந்தால் தண்ணீர் லாரிக்காரர் ஒரு முழு லோடை உங்களுக்கு இறக்க முடியாது, அரை லோடுக்கு மலையில் யாரும் வண்டி எடுக்கமாட்டார்கள். மூன்றாவது, லாரி வீடு வரை வருமா? பல வீடுகளுக்குப் படிக்கட்டுதான் வழி. 30 மீட்டருக்கு மேல் ஹோஸ் இழுக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கூலி.

வில்பட்டி | 5 மே, காலை 6:20

போர்வெல் போடலாம் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே சமவெளி மாதிரி இஷ்டத்துக்கு ஆழ்துளை போட முடியாது, ஜேசிபியும் இறக்க முடியாது, ஆட்சியர் அனுமதி வேண்டும். அனுமதியைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்பது மேலே உள்ள மண்ணிலும் பாறை வெடிப்பிலும்தான். ஒருத்தர் ஆழமாகத் துளைத்தால் கீழே இருக்கிற ஊற்று வற்றும், அந்த ஊற்றில்தான் கீழ்வயல்காரர் பூண்டு போட்டிருப்பார்.

பெருமாள்மலை | 5 மே, மதியம் 1:45

தண்ணீர் இருக்கட்டும், சாலையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

ஏறுவதற்கு மூன்று வழி. மலையடிவாரக் காட்ரோடிலிருந்து வரும் வத்தலகுண்டு சாலைதான் பிரதானம், அகலம், பஸ் எல்லாம் அதில்தான். பழனி சாலை குறுகல், வளைவு நெருக்கம், மழைக்காலத்தில் மண் சரிவு. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழி தூரம் குறைவு என்று மேப் காட்டும், அதை நம்பி இரவிலோ மழையிலோ ஏறாதீர்கள். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்க இடமிருக்காது, சரிவு விழுந்தால் நாள்கணக்கில் மூடிவிடுவார்கள்.

குடியிருப்பவருக்குச் சாலை என்றால் ஆஸ்பத்திரி. ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, சாதாரணப் பிரசவம், காய்ச்சல், தையல் எல்லாம் பார்ப்பார்கள். மாரடைப்பு, தலைக்காயம், குறைமாதக் குழந்தை என்றால் தேனி மருத்துவக் கல்லூரியோ மதுரையோதான். மதுரை 120 கிலோமீட்டர். வெறும் சாலையில் மூன்று மணி நேரம், மே மாத ஞாயிறு மாலை என்றால் ஊரைத் தாண்டவே எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது. வயதான பெற்றோர், இதய நோயாளி, கர்ப்பிணி இருக்கிற வீடு இதை யோசித்துத்தான் வரவேண்டும்.

பெருமாள்மலை | 5 மே, மதியம் 2:10

விட்டுப்போனது. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இரண்டாவது, மூன்றாவது கியர். நியூட்ரலில் உருட்டி எண்ணெய் மிச்சம் பிடிக்கிறவர்களின் வண்டிதான் பாதி வழியில் பிரேக் புகைந்து நிற்கும். பிரேக்கை விடாமல் மிதித்தால் சூட்டில் பிரேக் திரவம் கொதித்து மிதி உள்ளே போய்விடும். கருகல் வாசம் வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் ‘எல்’ (குறைந்த கியர்) அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுவது எப்படி என்று கீழேயே பழகிவிட்டு வாருங்கள்.

மதுரை வடக்கு | 9 மே, இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. ஒரு வீடு பார்த்திருக்கிறோம், 11 மாத ஒப்பந்தம், ஜூன் முதல். “ஏப்ரல், மே மட்டும் கொஞ்சம் பேசிக்கலாம்” என்கிறார் வீட்டுக்காரர். அதற்கு என்ன பொருள்?

மூஞ்சிக்கல் | 10 மே, காலை 7:00

சீசனில் காலி செய்துகொடுங்கள், நான் நாள்வாடகைக்கு விட்டுக்கொள்கிறேன் என்று பொருள். ஜூனில் தொடங்கும் 11 மாதம் ஏப்ரலோடு முடியும், மே கையில் இல்லை. பலர் இதற்காகவே ஜூனில் தொடங்குகிறார்கள்.

எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2017 வாடகைச் சட்டம் 2019 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். குடியிருப்புக்கு முன்பணம் மூன்று மாத வாடகை என்பது சட்டத்தின் அளவு, இருவரும் வேறாக எழுதிக்கொண்டால் அது செல்லும், எனவே எழுதும் முன்னே படியுங்கள். காலம் 12 மாதமோ 24 மாதமோ என்று தேதியோடு போடுங்கள். தண்ணீர் லாரிச் செலவு யாருடையது, செப்டிக் டேங்க் எடுக்கும் செலவு யாருடையது, இரண்டையும் தனி வரியாக எழுதுங்கள். இங்கே சண்டை வருவது இந்த இரண்டில்தான்.

மின் அட்டையையும் பாருங்கள். விகிதம் 1-ஏ என்றால் வீட்டு இணைப்பு, 5 என்றால் வணிகம். வணிக இணைப்பில் குடியிருந்தால் கட்டணம் கடிக்கும். வீட்டு இணைப்பில் பக்கத்து அறையை நாள்வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தால், பிடிபடும் நாளில் உங்கள் மின்சாரமும் சேர்ந்து நிற்கும்.

அட்டுவம்பட்டி | 10 மே, காலை 9:40

இதில் மூஞ்சிக்கல்லோடு ஒத்துப்போகிறேன். முறையாக நடத்துகிறவனுக்குத்தான் இதனால் நட்டம். சுற்றுலாத்துறைப் பதிவு, நகராட்சி அல்லது ஊராட்சி உரிமம், வணிக மின் இணைப்பு, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரப் படிவம் என்று நாங்கள் எல்லாம் செய்கிறோம். பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு நாலு டெண்ட் வைத்தவர் ஆன்லைனில் பாதி விலைக்குப் போடுகிறார். 2019-இல் உயர்நீதிமன்ற உத்தரவில் விதிமீறிய கட்டடங்களைப் பூட்டி முத்திரை வைத்தார்களே, அதற்குப் பிறகும் புதிதாக முளைக்கிறது. பெரிய கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது. தோட்டத்துக்குள் இருக்கிற டெண்ட் தெரிவதில்லை.

வில்பட்டி | 10 மே, மாலை 5:15

தோட்டத்துக்குள் டெண்ட் வைக்க இடம் கொடுப்பது எங்கள் ஆட்கள்தான், அதையும் சொல்லிவிடுவோம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விதைப்பூண்டு விலை, கூலி, உரம், காட்டுமாடு மிதிப்பது எல்லாம் கழித்தால் கையில் நிற்பது குறைவு. ஒரு வார இறுதியில் நாலு டெண்ட் தருவதைப் பூண்டு தர நாலரை மாதம் ஆகும். இதைக் கேட்டு விவசாயி பேராசைக்காரன் என்பவர்கள் பூண்டு வாங்கும்போது பேரம் பேசாமல் இருக்கட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கேரட், பீன்ஸ், உருளையை ஒட்டன்சத்திரத்துக்கு ஏற்றினால் வண்டி வாடகை, கமிஷன். இங்கேயே விடுதிக்குக் கொடுத்தால் இரண்டும் மிச்சம். ஆக சுற்றுலா வேண்டாம் என்று ஒரு விவசாயியும் முழுமனதோடு சொல்லமாட்டான். நிலத்தை வாங்கிக் கேட் போட்டு, ஊற்றுக்குப் போகும் பாதையை மறிக்கிறார்களே, அதுதான் வேண்டாம்.

மூஞ்சிக்கல் | 22 மே, இரவு 9:00

இடம் வாங்குவது பற்றி மதுரை வடக்கு தனிச்செய்தியில் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் இடமே பார்க்காதீர்கள். பார்ப்பதானால் நவம்பரில் பாருங்கள். கொடைக்கானலுக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தரகர் மே மாதம் காட்டுகிற காய்ந்த சரிவு நவம்பரில் ஓடையாக இருக்கும்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை: 30 ஆண்டு வில்லங்கச் சான்று, அ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு), புல வரைபடம். பட்டா பெயரில் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். விற்கக் கட்டுப்பாடுள்ள நிபந்தனைப் பட்டாவா, பூமிதான இயக்கத்தில் தானமாக வந்த நிலமா, காப்புக்காடு அறிவிக்கையில் வருகிற சர்வே எண்ணா, தனியார் காடா என்று நான்கையும் கேளுங்கள். 2013-இல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் ஓரத்தில் இருக்கும் மேல்மலை, கீழ்மலை இடங்களுக்கு வனத்துறையின் கருத்து இல்லாமல் எதுவும் நகராது. பல கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன, அங்கே மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அதன் அனுமதி தனியாக வேண்டும். சொந்த இடத்து மரமானாலும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, கேட்காமல் வெட்ட முடியாது. “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, போதும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இடத்தில் பார்க்க வேண்டியவை: மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கின்றனவா? அப்படியானால் மண் மெல்ல நகர்கிறது. மேல்வீட்டு உறிஞ்சு குழி (கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழி) எங்கே? உங்கள் மேல் வரப்பில் கோடையிலும் ஒரு பச்சைக் கீற்று தெரிந்தால் அது ஊற்றாகவும் இருக்கலாம், அவர்கள் கழிவாகவும் இருக்கலாம். மோந்து பாருங்கள்.

மூஞ்சிக்கல் | 23 மே, காலை 6:50

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. தடுப்புச் சுவர்.

சரிவை வெட்டிச் சமமாக்கினால் வீட்டைவிடத் தடுப்புச் சுவர்தான் முக்கியம், அதில்தான் எல்லோரும் காசைக் குறைக்கிறார்கள். சுவர் விழுவது மண் பாரத்தால் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் தண்ணீர் பாரத்தால். மழையில் ஊறிய மண்ணுக்குள் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றால் சுவரின் மேல் இரண்டு மடங்குக்கும் கூடுதலாக அழுத்தம் வரும். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் படுக்கைவாட்டில் விரிசல், நடுவில் வயிறு தள்ளல், இரண்டும் அதன் அறிகுறி.

செய்ய வேண்டியது: அஸ்திவாரம் நிரவிய மண்ணில் நிற்கக் கூடாது, வெட்டாத கெட்டி மண்ணிலோ பாறையிலோ இறங்க வேண்டும். 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் வீப் ஹோல் (தண்ணீர் வடியும் துளை), ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாறி மாறி, வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக. சுவருக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில், மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி. துணி போடாவிட்டால் களிமண் ஜல்லியை அடைத்துச் சில மழைக்காலத்தில் வீப் ஹோல் வறண்டுவிடும், அதைப் பார்த்து “தண்ணீரே இல்லை” என்று மகிழ்வார்கள். சுவருக்கு மேலே ஒரு வாய்க்கால், மேல்சரிவுத் தண்ணீரைச் சுவருக்கு வரவிடாமல் பக்கவாட்டில் கொண்டுபோக. இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் என்றால் கொத்தனார் கணிப்பு போதாது, பொறியாளர் வரைபடம் வேண்டும். ஒரே உயரச் சுவருக்குப் பதில் இரண்டு படியாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் பாரமும் வெகுவாகக் குறையும், அதற்கு இடம் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும்.

பாம்பார்புரம் | 23 மே, மதியம் 12:30

செப்டிக் டேங்க்கையும் எழுதிவிடுங்கள் அண்ணே, ஏரி நாறுவது அதனால்தானே.

மூஞ்சிக்கல் | 23 மே, இரவு 8:45

ஐந்து பேர் வீட்டுக்கு உள்ளளவு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75, நீர் ஆழம் ஒரு மீட்டர். இருபது பேருக்கு 2.3, 1.1, 1.3. இது ஆண்டுக்கொருமுறை எடுக்கும் கணக்கு, இந்தியத் தர நிர்ணயம் சொல்வது. சிக்கல் என்னவென்றால் ஐந்து பேருக்குக் கட்டிய தொட்டியில் பதினைந்து பேர் தங்குகிறார்கள். தொட்டியில் கழிவு குறைந்தது ஒரு நாளாவது தங்கினால்தான் கசடு அடியில் படியும். மூன்று மடங்கு தண்ணீர் பாய்ந்தால் படிய நேரமில்லை, கசடோடு உறிஞ்சு குழிக்குப் போய்க் குழி அடைத்துக்கொள்ளும், பிறகு சாக்கடை, ஓடை, ஏரி. கூடவே குளிர். தொட்டிக்குள் கிருமிகள் வேலை செய்வது 10, 15 டிகிரியில் வெகுவாகத் தளர்ந்துவிடும். ஆகவே சமவெளி அளவைவிடச் சற்றுப் பெரிதாகக் கட்டுவது நல்லது. உறிஞ்சு குழி ஊற்றுக்கும் கிணற்றுக்கும் கீழ்ச்சரிவில், குறைந்தது 18 மீட்டர் தள்ளி.

சோப்பு நீரைத் தனியாகப் பிரித்துத் தோட்டத்துக்கு விடுங்கள், தொட்டியின் சுமை பாதி குறையும்.

இதற்காகத்தான் படுக்கையை எண்ணச் சொல்கிறேன். உரிமம் கொடுக்கும்போது அறை எண்ணிக்கையோடு தொட்டிக் கொள்ளளவையும் அளந்து எழுதினால் போதும், யார் எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்பது தானே வந்துவிடும். ஏரிக்குள் என்ன எந்திரம் போட்டாலும் மேலிருந்து வருவது நிற்காமல் அது தெளியாது.

அட்டுவம்பட்டி | 24 மே, காலை 8:20

இதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஐந்து அறைக்காரனை அளப்பதற்கு முன் ஐம்பது அறைக்காரனை அளக்கட்டும். சிறியவனிடம்தான் டேப் முதலில் நீளுகிறது.

மூஞ்சிக்கல் | 24 மே, காலை 8:55

ஏற்கிறேன். ஐம்பது அறை என்றால் சுத்திகரிப்பு எந்திரம் கட்டாயம் இருக்க வேண்டும், அது ஓடுகிறதா என்பதை மின் மீட்டரைப் பார்த்தே சொல்லலாம், மோட்டார் ஓடாமல் எந்திரம் ஓடாது. பெரியவர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம்.

பூம்பாறை | 11 ஜூன், மாலை 4:00

மலையேற்றத்துக்காக வருகிறேன் என்று மதுரை வடக்கு எழுதியிருந்தாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

விருப்பப்பட்ட காட்டுக்குள் போகிற காலம் முடிந்துவிட்டது. 2018 மார்ச் 11 தேனி மாவட்டம் குரங்கணி மலையின் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபின் அந்த ஆண்டே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது, வட்டக்கானல்–வெள்ளகவி அதில் ஒன்று. உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். தீக்காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, மூடிவிடுகிறார்கள். வெள்ளகவி ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கும் வழக்கமில்லை, எல்லையில் கழற்றிவிடுங்கள். பேரிஜம் ஏரிப் பக்கம் போக வனத்துறை அனுமதி தனி.

குடியிருப்பவருக்கு இதில் வருத்தம் உண்டு. முன்பு விறகுக்கும் மாட்டுக்கும் போன ஒற்றையடிப் பாதையில் இப்போது உள்ளூர்க்காரனும் அனுமதி கேட்கிறான். ஆனாலும் தீ விஷயத்தில் கட்டுப்பாடு வேண்டும். மலை முழுக்கச் சீகை (வாட்டில்), தைல மரம், பைன். தோல் பதனிடவும் விறகுக்கும் என்று புல்வெளியில் நட்டது, இப்போது தானாகப் பரவுகிறது. பைன் சருகு ஒரு தீக்குச்சியில் பற்றும். நவம்பரில் குளிர்காய மூட்டிய நெருப்பு அணைந்துவிடும், மார்ச்சில் மூட்டினால் சருகுக்கு அடியிலேயே ஊர்ந்து மறுநாள் பத்து மீட்டர் தள்ளி எழும். தண்ணீர் ஊற்றி, மண்ணைக் கிளறி, கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லையென்றால்தான் அணைந்தது என்று பொருள்.

பூம்பாறை | 11 ஜூன், மாலை 4:25

காட்டுமாடும் இதன் தொடர்ச்சிதான். அதன் மேய்ச்சல் புல்வெளி சீகைக்குப் போனது, இப்போது விடுதிப் புல்தரைக்கு வருகிறது. சுற்றுலாக்காரர்கள் செல்ஃபிக்குக் கிட்டே போகிறார்கள். நின்று பார்ப்பதற்கு 30 மீட்டர் குறைந்த அளவு. தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் உடம்பைக் காட்டினால், மூக்கால் சீறினால், பின்வாங்குங்கள், முதுகைக் காட்டி ஓடாதீர்கள். ஒற்றைக் கிடா இருந்தால் பாதையையே மாற்றுங்கள். ஏரிச்சாலையில் விடிகாலை சைக்கிள் ஓட்டுபவர்கள் மூடுபனியில் முன்விளக்கோடு மணியும் அடிக்க வேண்டும், காட்டுமாடு வளைவில் நின்றுகொண்டிருக்கும்.

மதுரை வடக்கு | 30 ஜூன், இரவு 9:30

வந்துவிட்டோம். இரண்டு ஆண்டு ஒப்பந்தம், கீழ்த்தொட்டி 6,000 லிட்டர், லாரி வாசல்வரை வருகிறது. ஒரு வாரமாக மேகம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. துணி காயவில்லை, சுவரில் கரும்புள்ளி. சாதம் பாத்திரத்தில் வேகவேமாட்டேன் என்கிறது.

பாம்பார்புரம் | 1 ஜூலை, காலை 7:10

2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு கரையாது, எல்லாம் குக்கர்தான், கீழே வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட. கடலை, ராஜ்மா முதல்நாள் காலையிலேயே ஊறட்டும். இட்லி மாவு இரவு முழுதும் வைத்தாலும் பொங்காது. அரைத்ததும் சூடாறாத அடுப்பு மேடையில், கம்பளி சுற்றி, 18 மணி நேரம் விடுங்கள்.

சுவர் ஓதத்துக்கு: அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், பகல் வெயில் எட்டிப்பார்க்கும் ஒரு மணி நேரம் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறங்கள். கரும்புள்ளியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் துடைத்து நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் பெயின்ட் மேலே அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று பொரிந்து வரும்.

குளிருக்குக் கரி அடுப்பையோ பார்பெக்யூ சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும், வாசமே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளியலறை கேஸ் கீசரும் அப்படியே, அதை வெளிச்சுவரில் மாட்டுங்கள்.

பெருமாள்மலை | 2 ஜூலை, இரவு 8:00

வேலைக்கு நெட் வேண்டுமே. ஃபைபர் வரும், ஆனால் மரம் விழுந்தால் கம்பியும் மின்சாரமும் சேர்ந்து போகும். 2018 நவம்பர் கஜா புயலில் மரங்கள் சாய்ந்து சாலையும் மின்சாரமும் பல இடங்களில் நாள்கணக்கில் இல்லை. 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, நெட் பெட்டி, லேப்டாப், இரண்டு விளக்கு என்று 100 வாட்டில் நிறுத்தினால் சுமார் பத்து மணி நேரம் தாங்கும். குளிரில் பேட்டரியின் திறன் குறையும், வீட்டின் வெளித் திண்ணையில் வைக்காதீர்கள். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

மதுரை வடக்கு | 18 அக்டோபர், மதியம் 3:20

மூன்றரை மாதம் ஆகிறது. மழையில்லாத நாளில் காலை நடைக்கு ஈடில்லை, பிள்ளைக்குச் சளித் தொல்லை குறைந்திருக்கிறது. குப்பைதான் புரியவில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி வாங்குகிறார்கள், ஆனாலும் திங்கள்கிழமை எங்கள் சரிவு முழுக்கப் பாட்டில்.

மூஞ்சிக்கல் | 18 அக்டோபர், இரவு 9:10

வரி வாங்கியதும் பாட்டில் சட்டப்படியானது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், அதுதான் அந்த முறையின் ஓட்டை. வாங்கிய பாட்டிலைத் திருப்பிக்கொடுத்தால் பணம் என்று இருந்தால் சரிவில் கிடக்காது. நீலகிரியில் மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வைத்துத் திரும்ப வாங்குகிறார்கள், அது நடக்கிறது.

குப்பை போய்ச் சேருமிடம் பிரகாசபுரம் கிடங்கு. அது சரிவில் இருக்கிறது, பெருமழையில் கீழே ஓடையை நோக்கி இறங்குகிறது. ஆகவே ஈரக்குப்பையை வீட்டைத் தாண்டவிடாமல் இருப்பதுதான் குடியிருப்பவர் செய்ய முடிந்தது. இங்கே மட்கக் குளிரில் மூன்று மாதத்துக்குப் பதில் ஐந்து, ஆறு மாதம் ஆகும். இரண்டு தொட்டி வேண்டும், ஒன்று நிரம்பும்போது மற்றது மட்க. ஈரக்குப்பை ஒரு பங்குக்குச் சாணமும் காய்ந்த இலையும் இரண்டு பங்கு. மேலே கம்பி வலை போட்டுக் கொக்கி மாட்டுங்கள், கல்லை மட்டும் வைத்தால் குரங்கு எடுத்துவிடும். பைன் சருகைப் போடாதீர்கள், எளிதில் மட்காது.

வில்பட்டி | 19 அக்டோபர், காலை 6:05

மட்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் சொல்லுங்கள், பூண்டுக்கு எடுத்துக்கொள்கிறோம். பதிலுக்கு விதைப்பூண்டு தருகிறேன். மூன்று விரல் இடைவெளியில், கூர்ப்பக்கம் மேலே, இரண்டு விரல் ஆழத்தில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கினால் பல் அழுகிவிடும், பாத்தியை ஒரு சாண் உயர்த்திக்கொள்ளுங்கள்.

மதுரை வடக்கு | 19 அக்டோபர், காலை 7:30

வருகிறோம். இடம் பார்ப்பதையும் நவம்பர் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். அட்டுவம்பட்டி அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் மேல்மாடியில் மூன்று அறை கட்டி நாள்வாடகைக்கு விடப்போகிறாராம். தொட்டி ஒன்றுதான்.

அட்டுவம்பட்டி | 19 அக்டோபர், காலை 10:50

வரைபட அனுமதி வாங்கினாரா என்று கேளுங்கள், அதற்குள்ளேயே தொட்டி அளவு வந்துவிடும். மூன்று அறை என்றால் ஒன்பது பேர், உங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு. இருபது பேர் அளவில் புதுத் தொட்டி போடச் சொல்லுங்கள். தண்ணீருக்குத் தனி மீட்டர், தனிக் கீழ்த்தொட்டி. செலவாகும் என்பார். தொட்டி நிறைந்து வழிந்து விருந்தாளி போட்டோ போட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தால் அதைவிடச் செலவாகும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வேண்டுமானால் ஞாயிறு கழித்து நானே வந்து பேசுகிறேன், அவரும் நானும் ஒரே சங்கம்தான்.